பாலையைக் கடந்தவள்

‘ஓடு’ என்பது தமிழின் பழைய வினைச்சொற்களுள் ஒன்று. ஓடை, ஓட்டம், ஓட்டுநர் எனப் பல சொற்கள் அவ்வேரிலிருந்து கிளைத்துள்ளன. ஆயினும் இவ்வினை ஆண்பாலோடு சேரும்போது ஒரு பொருளும், பெண்பாலோடு சேரும்போது வேறொரு பொருளும் தருவதை வகுப்பறையில் பாடம் சொல்லும்போது நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. ‘ஓடி ஓடி உழைத்தான்’ என்றால் அது புகழ்ச்சி. ‘ஓடிப் போனாள்’ என்றால் குடும்பத்துக்கே பழி. ‘ஓடுகாலி’ என்னும் சொல்லோ இன்னும் கொடியது. புதுவை முல்லா வீதியில் நான் சிறுவனாக வளர்ந்த நாள்களில், தெருவில் ஓடியாடும் சிறுமியரை நோக்கி என் நன்னி இச்சொல்லைத்தான் வீசுவார். அவர் நெஞ்சில் வஞ்சம் இருந்ததில்லை. அவர் கேட்டு வளர்ந்த மொழி அது.

அச்சொல்லின் பொருளையே மாற்றத்தக்க நிகழ்ச்சி ஒன்று 2023 ஜனவரித் திங்களில் கத்தார் நாட்டில் நடந்தது. அதனை இம்மலரின் வாயிலாக மாணவச் செல்வங்களோடும் சமுதாயப் பெரியோர்களோடும் பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

ராஜஸ்தான் மாநிலத்து அஜ்மீரைச் சேர்ந்தவர் சூஃபியா சூஃபி. தில்லி விமான நிலையத்தில் பணியாற்றிக்கொண்டிருந்த அவரை, உடல்நலம் பேணுவதற்காகத் தொடங்கிய ஓட்டம் மெல்ல மெல்லத் தன்வயப்படுத்திக்கொண்டது. 2019ஆம் ஆண்டு காஷ்மீரில் புறப்பட்டு, ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் ஓடி, 87 நாள்களில் கன்னியாகுமரியை அடைந்தார். மனிதநேயம், ஒருமை, அமைதி, சமத்துவம் ஆகிய நான்கும் அவ்வோட்டத்தின் முழக்கங்களாக விளங்கின. அடுத்து, தில்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா மாநகரங்களை இணைக்கும் தங்க நாற்கரச் சாலையில் 6,002 கிலோமீட்டரை 111 நாள்களுக்குள் ஓடி, 2021 ஏப்ரலில் நிறைவுசெய்தார். பின்னர்தான் கடல் கடந்தார்.

கத்தார் ஒரு சிறு தீபகற்பம். அதன் தென்பகுதியில் சவூதி அரேபிய எல்லையை ஒட்டி அபூ சம்ரா உள்ளது. வடகோடியில் கடலோர ஊரான அல் ருவைஸ் உள்ளது. இவ்விரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 200 கிலோமீட்டரை அவர் 30 மணி 34 நிமிடங்களில் ஓடிக் கடந்தார். கின்னஸ் உலகச் சாதனை ஏட்டில் அது இடம்பெற்றது.

எண்ணாகச் சொன்னால் இதன் அருமை விளங்காது. நம் புதுவைக் கடற்கரைச் சாலையின் நீளம் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர். அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 130 தடவைக்கு மேல் ஓடினால்தான் அத்தொலைவு நிறைவுறும். கிலோமீட்டருக்குச் சராசரியாக ஒன்பது நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரம் ஆகியிருக்கிறது. விரைந்தோடும் இளைஞர்கள் இதனைக் கேட்டுப் புன்னகைக்கலாம். நின்றதும் நீர் பருகியதும் உண்டதும் அக்கணக்கிலேயே அடங்கும் என்பதை அவர்கள் மறத்தலாகாது.

முப்பது மணிநேர ஓட்டம் என்றால், எப்பொழுதில் புறப்பட்டாலும் அதனுள் ஒரு முழு இரவு அடங்கிவிடும். ஐவேளைப் பாங்கும் ஒலித்து ஓய்ந்த பின்னும் கால்கள் ஓடிக்கொண்டேயிருக்க வேண்டும். தோகாவில் பணிபுரியும் என் தமக்கை மகனிடம் அந்நாட்டுச் சாலைகளைப் பற்றிக் கேட்டேன். “மாமா, தோகாவத் தாண்டி அபூ சம்ரா போற ரோட்ல ரெண்டு பக்கமும் மணல்தான். கார்ல போறதுக்கே தூக்கம் வரும்” என்றான். காரில் செல்வோனுக்கே உறக்கம் வரும் சாலையில் ஒரு பெண் உறங்காது ஓடியிருக்கிறார்!

இத்தகைய நெடுந்தொலைவு ஓட்டத்தில் கால்களின் வலிமை மட்டும் போதாது. நம் தசைகளும் கல்லீரலும் சேமித்து வைத்திருக்கும் மாச்சத்து, உண்ணாமல் ஓடினால் ஏறத்தாழ 30 கிலோமீட்டரளவில் தீர்ந்துவிடக்கூடும். அதன்பின் ஒவ்வோர் அடியும் பாரமாகும். ஆதலால் ஓடிக்கொண்டே சிறுகச் சிறுக உண்ண வேண்டும். வியர்வையோடு உப்பும் வெளியேறும். உப்பின்றி வெறுந்தண்ணீரை மிகுதியாகப் பருகினால் குருதியிலுள்ள உப்பின் அளவு குறைந்து உயிருக்கே ஊறு நேரலாம். எனவே ஓடுபவர் பக்கத்தில், நேரம் பார்த்து, அளவு பார்த்து, உணவும் உப்பு நீரும் கொடுக்க ஒருவர் இருந்தாக வேண்டும். சூஃபியாவுக்கு அவருடைய வாழ்க்கைத் துணைவர் அப்பணியைச் செய்தார். ஓடியவர் ஒருவரேயாயினும் அவர் தனியாக ஓடவில்லை என்பதை நாம் கருத்தில் இருத்த வேண்டும்.

தமிழாசிரியன் என்னும் முறையில் எனக்கு இங்கே பாலைத்திணை நினைவுக்கு வருகின்றது. சங்கப் பாலைப் பாடல்களில் பொருள் தேடிச் சுரம் கடப்பவன் தலைவன், ஆற்றியிருப்பவள் தலைவி. பெண்ணும் பாலை வழியில் நடப்பதுண்டு. ஆனால் அது தலைவனோடு கூடிய உடன்போக்கு. நம் தெருக்களில் இன்றளவும் வாழும் திணை இதுவே எனலாம். வளைகுடாவின் மணலுக்குப் பிழைக்கப் போனவர்கள் நம் ஆண்மக்கள். கடிதத்துக்கும் பின்னாளில் தொலைபேசிக்கும் காத்திருந்தவர்கள் நம் தாய்மார்கள். அதே மணல்வெளியை ஒரு பெண் தன் கால்களால் அளந்து கடந்தாள் என்னும்போது, இலக்கணம் வகுத்த ஆசிரியர்கள் எண்ணாத ஒரு துறை பிறந்துவிட்டது என்றே என் உள்ளம் மகிழ்கின்றது.

பெண் ஓடுவது நம் மார்க்கத்துக்கு அயலானதோ என ஐயுறுவோர்க்கு ஒரு சொல். தாகத்தால் துடித்த பச்சிளங் குழந்தைக்காக ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு முறை விரைந்தோடியவர் அன்னை ஹாஜரா (அலை). அப்பேரன்னையின் அடிச்சுவட்டிலேயே ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் செல்லும் ஆண்களும் பெண்களும் இன்றும் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தொலைவைக் கடக்கின்றனர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களும் ஓட்டப் பந்தயம் வைத்துக்கொண்டதையும், முதன்முறை அன்னையார் முந்தியதையும் அபூதாவூத் தொகுப்பு பதிவுசெய்துள்ளது. பெண்ணுடல் தாங்காது என்று கருதி மேலை நாட்டாரும் நெடுங்காலம் தடுத்தே வந்தனர். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் ஓட்டம் சேர்க்கப்பட்டது 1984ஆம் ஆண்டில்தான். அதே லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் மொராக்கோவின் நவால் எல் முத்தவக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் தங்கப் பதக்கம் வென்றார்.

இவையெல்லாம் தொலைதூரச் செய்திகள். அருகில் நிகழ்ந்த ஒன்றையும் கூறுவேன். என் வகுப்பில் பயிலும் இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி, பஜ்ர் தொழுகைக்குப் பின் கடற்கரைச் சாலையில் ஓடத் தொடங்கினாள். முழுக்கைச் சட்டையும் தலைமறைப்பும் அணிந்துதான் ஓடுவாள். ஜவுளிக்கடையில் பணிபுரியும் அவள் தந்தையார் என்னைக் காண வந்தார். “சார், அவ ஓடுறது எனக்குத் தப்பாப் படல. ஆனா நாளைக்கு ஒரு சம்பந்தம் பேச வர்றவங்க இதையே சொல்லுவாங்களே” என்றார். அவருடைய அச்சம் பொய்யன்று. ஆதலால் நான் அறிவுரை கூறவில்லை. கத்தார் ஓட்டத்தை விவரித்து, ஓடியவருக்குத் துணைவர் நீரும் உணவும் கொடுத்துச் சென்றதையும் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்து எழுந்து சென்றார்.

மறுவாரம் அவரைக் கடற்கரையில் கண்டேன். காலை ஏழரை மணி வரை அச்சாலையில் வண்டிகளுக்கு இடமில்லை. ஆகவே தம் மொபெட்டைப் பக்கத்து வீதியில் நிறுத்திவிட்டு, காந்தி சிலையருகே தண்ணீர்ப் புட்டியோடு அமர்ந்திருந்தார். பின்னர் அவர் அஞ்சியவாறே ஒரு சம்பந்தம் கைகூடாமல் போயிற்று. வருந்தினார், ஆனால் அடுத்த நாளும் வந்து அமர்ந்தார். அம்மாணவி இதுவரை எப்பதக்கமும் பெறவில்லை. இப்போது பத்துக் கிலோமீட்டர் நிற்காமல் ஓடுகிறாள்.

பெரியோர்களே! நம் பெண்மக்கள் அனைவரும் உலகச் சாதனை படைக்க வேண்டும் என்பதன்று என் வேண்டுகோள். விடியற்காலையில் ஒரு மணிநேரம் மைதானம், பயிற்சியளிக்க ஒரு பெண் ஆசிரியர், பாதத்துக்கேற்ற காலணி, ஓடி முடிக்கும் இடத்தில் தண்ணீரோடு காத்திருக்கும் ஒரு முகம்: இவையே நான் கேட்பவை. 200 கிலோமீட்டர் ஓடியவருக்கும் ஒருவர் நீர் கொடுக்க வேண்டியிருந்தது. நாம் அந்நீரைக் கொடுப்பவர்களாக இருப்போமாக!