சாப்பா விழுந்த ஓசை

கொச்சியின் சுள்ளிக்கல்லில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் கீழே ஒரு சாயாக்கடை. 2023 மார்ச்சில் 'துறைமுகம்' மலையாளப் படம் பார்த்துவிட்டு வந்த மறுநாள் காலை, அங்கே தினமும் வரும் எண்பது வயதுப் பெரியவர் இக்காவிடம் படத்தைப் பற்றிக் கேட்டேன். பேரன் கூட்டிப்போய்க் காட்டியிருந்தான். "அந்தச் சத்தம் சரியாக இருந்தது, மோனே" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் சாயாவைக் குடித்தார்.

எந்தச் சத்தம் என்று எனக்குப் புரிந்தது: சாப்பா விழும் சத்தம். மட்டாஞ்சேரித் துறைமுகத்தில் சரக்கேற்றி இறக்க ஆள் எடுத்த முறைக்குச் சாப்பா என்று பெயர். சாப்பா ஓர் உலோக வில்லை. விடியற்காலையில் கூலிக்குக் காத்து நிற்கும் கூட்டத்தின்மேல் அதை அள்ளி வீசுவார்கள். எவன் கையில் சிக்கியதோ அவனுக்கு அன்றைக்கு வேலை. சிக்காதவன் வீட்டில் அடுப்பு எரியாது. நேற்றுவரை தோளோடு தோள் சேர்ந்து மூட்டை சுமந்தவனை மிதித்துத்தான் அதை எடுக்க வேண்டும். இக்காவின் வாப்பா அப்படி எடுத்தவர்.

இதைக் கே. எம். சிதம்பரன் 1968-இல் நாடகமாக எழுதினார். அரை நூற்றாண்டு கழித்து அவருடைய மகன் கோபன் சிதம்பரன் அதைத் திரைக்கதை ஆக்கினார். ராஜீவ் ரவி இயக்கி, ஒளிப்பதிவும் செய்தார். 2021-இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவுக்குப் போன படம், பல முறை தள்ளிப்போய் 2023 மார்ச் 10 அன்றுதான் திரையரங்குக்கு வந்தது.

நாடகம் எழுதப்பட்டபோது, சாப்பா என்று ஒரு பாத்திரம் சொன்னாலே கொச்சிக்காரர்களுக்கு உடம்பு சிலிர்த்திருக்கும். மேடையில் பத்துப் பேர் நின்றால் போதும். மிச்சக் கூட்டம் எதிரே உட்கார்ந்திருக்கிறது. இன்றைக்குத் திரையரங்கில் உட்காரும் பையனுக்கு அந்தச் சொல் வெறும் சொல். அவனுக்குக் கூட்டத்தையே காட்டியாக வேண்டும். கறுப்பு வெள்ளையில் தொடங்கும் முன்கதையில் ராஜீவ் ரவி அதைத்தான் செய்கிறார். வில்லை பறக்கிறது, கைகள் எழுகின்றன, உடல்கள் சேற்றில் புரள்கின்றன. வசனம் தேவைப்படவில்லை.

நாம் நாடகப் படங்களைக் காதால் பார்த்துப் பழகியவர்கள். 'பராசக்தி', 'மனோகரா', 'ரத்தக்கண்ணீர்' எல்லாம் மேடையிலிருந்து வந்தவை. அவற்றில் நம் மனத்தில் நிற்பது வசனமே. அதைக் குறை சொல்ல மாட்டேன். எம். ஆர். ராதாவின் குரலை எந்தக் காட்சியால் ஈடுகட்ட முடியும்? ஆனால் 'துறைமுகம்' வேறு வழியில் போய், பேச்சுக்குப் பதிலாகப் பசியைக் காட்டுகிறது. தாயாக வரும் பூர்ணிமா இந்திரஜித் அரிசியில்லாத வீட்டில் பிள்ளைகளைப் பார்க்கும் பார்வை, கடைசி வரிசை வரைக்கும் போய்ச் சேர வேண்டிய மேடை நடிப்பில் கைகூடாத ஒன்று. மூத்தவன் மொய்து போக்கிரியாகி முதலாளிகளின் ஆட்களோடு சேர்கிறான். இளையவன் ஹம்சா தொழிற்சங்கத்தின் பக்கம் நிற்கிறான். மொய்துவாக நடித்த நிவின் பாலிக்கு நாயக வேடம் கட்டாமல் விட்டதை இந்தப் படத்தின் பெரிய நேர்மையாக நினைக்கிறேன்.

குறை உண்டு. பிற்பாதியில் சங்கங்களுக்குள் நடக்கும் மோதல், அந்தக் கால அரசியல் தெரியாதவர்களுக்குப் பிடிபடாது. நீளம் என்று பலர் அலுத்துக்கொண்டார்கள். எனக்கு அந்த நீளம் வேண்டியிருந்தது. காத்து நிற்பவர்களின் கதையை அவசரமாகச் சொல்ல முடியாது.

சுள்ளிக்கல்லிலிருந்து தோப்பும்படிப் பாலத்தைத் தாண்டினால் வாத்துருத்தி. கூலி வேலைக்கு வந்த தமிழர்கள் நெருக்கியடித்து வாழும் காலனி. கொச்சியின் முக்குகளில் காலை ஏழு மணிக்குச் சோற்றுத் தூக்கோடு நின்று, ஆள் எடுக்க வரும் வண்டியை நோக்கி ஓடுகிறவர்களில் நம் ஊர்க்காரர்களும் உண்டு. அந்த ஓட்டத்தைப் பார்த்த பிறகு, இது பழைய கதை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

படம் சொல்லும் போராட்டம் நிஜமாக நடந்தது. 1953 செப்டம்பர் 15 அன்று, சாப்பாவை எதிர்த்த தொழிலாளர்கள்மேல் மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டது. செய்து, செய்தலவி என்ற இருவர் குண்டடி பட்டு இறந்தார்கள். ஆண்டனி என்பவர் போலீஸ் சித்திரவதையில் செத்தார். சாப்பா ஒழிய 1962 வரை ஆனது.