பிரித்தெடுக்கக்கூடிய சுவர்

ஒரு பழைய வீட்டை இடிக்கப்போகிறார்கள் என்று சேதி வந்தால், தேக்குக் கதவையும் தூணையும் பார்க்க நான் ஓடுவதில்லை. அவற்றுக்கு வியாபாரிகள் முன்பே விலை பேசியிருப்பார்கள். பூச்சு உதிர்ந்த இடமாகப் பார்த்து, இரண்டு செங்கல்லுக்கு நடுவே ஆணியால் சுரண்டுவேன். சாந்து வெளுப்பாகப் பொடிந்து கொட்டினால் அது சுண்ணாம்புக் கட்டு; செங்கல் முழுதாகக் கைக்கு வரும். ஆணி வழுக்கிச் சாம்பல் நிறக் கோடு மட்டும் விழுந்தால் சிமெண்ட். அங்கே மிஞ்சுவது பெரும்பாலும் செங்கல் ஜல்லிதான்.

சிமெண்ட் கலவை நம் ஊர்ச் சூளைச் செங்கல்லைவிட வலுவானது. பிரிக்கப் போனால் இணைப்பு விடாது, கல்தான் உடையும். சுண்ணாம்புச் சாந்து கல்லைவிட மென்மையானது; ஓரத்தில் அளவாகத் தட்டினால் உரிந்துவிடும். சுவர் நிற்கும் காலத்திலும் அந்த மென்மை உதவுகிறது. அஸ்திவாரம் சற்று அமர்ந்தாலும் கல் பிளக்காது, இணைப்பில் மயிரிழை விடும். ஈரத்தில் கரையும் சுண்ணாம்பு அந்த விரிசலிலேயே படிந்து நாளடைவில் அடைத்தும் விடும். அதனால்தான் இயற்கைப் பொருளில் வீடு கேட்டு வருகிறவர்களிடம் மண், மூங்கில் என்று தொடங்காமல் சாந்திலிருந்து தொடங்குகிறேன். ஒரு செங்கல் இன்னொரு வீட்டுக்குப் போகுமா என்பது கட்டும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது.

பிரித்த செங்கல் எல்லாமே சுவருக்கு ஆகாது. இரண்டை மோதினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மொத்தென்று கேட்டால் தனியே ஒதுக்குவோம். உப்புப் பூத்ததையும் சுவரில் வைப்பதில்லை. எத்தனை பூச்சுப் பூசினாலும் உப்பு உரித்துக்கொண்டு வெளியே வரும். சந்தேகமான கல்லை எடைபோட்டு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து மறுபடி எடை பார்ப்போம். 20 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தால் வேண்டாம். நன்கு வெந்து, உப்பில்லாமல் உடைந்த துண்டுகளை இடித்துச் சலித்தால் சுர்க்கி. அதைச் சேர்த்த சுண்ணாம்பு ஈரத்திலும் இறுகும், வெறும் சுண்ணாம்பு இறுகாது. உதிர்ந்த பழைய சாந்துகூடச் சலித்துப் புதுச் சாந்தில் மணலோடு சேர்கிறது.

சுண்ணாம்புக்கல் வேகச் சுமார் 900 டிகிரி போதும். சிமெண்ட் உலைக்குச் சுமார் 1,450 டிகிரி வேண்டும். சூளையில் கல் விட்ட கரியமில வாயுவில் பெரும்பங்கைச் சுவரில் இறுகும்போது சுண்ணாம்பு காற்றிலிருந்து திரும்ப வாங்கிக்கொள்கிறது. விறகின் புகைக்கு அந்தச் சமாதானம் கிடையாது. நீற்றிய சுண்ணாம்பை ஊறப்போட்டு, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் விட்டு அரைக்கும்போது, சாந்து கரணையில் வெண்ணெய்போல் ஏறும். அந்தப் பதம் தெரிந்த கொத்தனார்கள் இன்று குறைவு. அவர்களிடம் இளைஞர்களை ஒட்டவைப்பதை என் வேலையின் பாதியாக நினைக்கிறேன்.

சிமெண்டே கூடாது என்று நான் வாதாடுவதில்லை. அடுக்குமாடிக்கும் கான்கிரீட் தளத்துக்கும் அது வேண்டும். அங்கேயும் குறைக்க வழி உண்டு. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் செய்து காட்டியதுபோல, தளத்தின் அடிப்பகுதியில் கம்பிகளுக்கு இடையே பழைய மங்களூர் ஓடுகளைப் பதிக்கலாம். இழுவிசைப் பகுதியான அங்கே சுமையைக் கம்பிதான் தாங்குகிறது, கான்கிரீட் இடத்தை அடைப்பதோடு சரி. தரைத்தளம் மட்டும் போதும் என்பவர்களுக்கு நான் சொல்வது மெட்ராஸ் டெரஸ். பழைய தேக்குச் சட்டங்கள் மேல் மெல்லிய செங்கல்லை மூலைவாட்டில் நிறுத்தி, சுண்ணாம்புச் சாந்தில் கோத்து, மேலே செங்கல் ஜல்லி போட்டு இடித்துக் கெட்டிக்கும் தளம் அது. சட்டங்களில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது சுவருக்குள் புதைந்திருந்த முனைகளை. நடுவில் இரும்பாக இருக்கும் மரம் அங்கே உளுத்திருக்கும். அதை அறுத்துவிட்டு மிஞ்சும் நீளத்துக்கு ஏற்றபடி அறையின் அகலத்தை வைக்கிறோம்.

செலவு குறையுமா என்று கேட்பார்கள். பொருளில் குறைவதைக் கூலி வாங்கிக்கொள்ளும். செங்கல்லை உட்கார்ந்து சுரண்டித் தேய்ப்பது பெரும்பாலும் பெண்கள். நாள் முழுக்க இடுப்பு ஒடிகிற வேலை. அதைச் சித்தாள் கூலியில் வைப்பது நியாயமில்லை. மதிப்பீடு எழுதும்போதே அவர்களுக்குக் கொத்தனாருக்கு நிகரான கூலி போடுகிறேன், வீட்டுக்காரரிடம் முதல் நாளே அதைச் சொல்லியும் விடுகிறேன்.