குறைக்குப் பெயர் வை, பிறகு கை வை

தம்பி, நீ புது எலக்ட்ரிக் கிட்டார் வாங்கியதில் உனக்கு இருக்கும் சந்தோஷம் எனக்கும் இருக்கிறது. வாங்கிய கையோடு நீ கேட்ட கேள்விக்குத்தான் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "சார், இதுல எந்த பிக்கப் மாத்தினா நல்லா இருக்கும்?" என்று கேட்டாய். என்னிடம் கற்கும் பிள்ளைகள் பலரும் இதையேதான் கேட்கிறார்கள்.

மாற்றலாம், தாராளமாக. ஆனால் எந்தக் குறையைத் தீர்க்க மாற்றுகிறாய் என்று ஒரே வாக்கியத்தில் உன்னால் சொல்ல முடிய வேண்டும். அதுவரை ஸ்க்ரூ டிரைவரைத் தொடாதே. மெல்லிசை மேடைகளில் வாசித்தும், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தும் கழிந்த வாழ்க்கையில் நான் இறுகப் பிடித்துக்கொண்ட பாடம் இது. கிட்டாருக்கு மட்டும் இதைச் சொல்லவில்லை.

பிக்கப் என்ன வேலை செய்கிறது என்பதை முதலில் புரிந்துகொள். உள்ளே காந்தம், அதைச் சுற்றி மிக மெல்லிய செப்புக் கம்பி. ஸ்ட்ராடோகாஸ்டர் வகை பிக்கப் ஒன்றில் அந்தக் கம்பி ஏறத்தாழ 8,000 சுற்று சுற்றப்பட்டிருக்கும். மேலே ஸ்ட்ரிங் அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது, சுருளில் மின்சாரம் பிறக்கிறது. மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இது. பிறந்த அந்தச் சிறு மின்சாரம் வால்யூம், டோன் நாப்களைக் கடந்து, கேபிள் வழியாகப் போய், ஆம்பில் பெருகி, ஸ்பீக்கரில் ஒலியாகிறது. பிக்கப் தானாக எதையும் பாடுவதில்லை. உன் விரல் ஸ்ட்ரிங்குக்குக் கொடுத்ததைத் தன் குணத்தையும் சேர்த்து அனுப்புகிறது, அவ்வளவுதான். விரல், பிளெக்ட்ரம், ஸ்ட்ரிங், பிக்கப், நாப், கேபிள், ஆம்ப், ஸ்பீக்கர், நீ உட்கார்ந்து வாசிக்கும் அறை என்று இத்தனையும் சேர்ந்ததைத்தான் 'டோன்' என்கிறோம். ஒலி பிடிக்கவில்லை என்றால் இந்த வரிசையில் காரணம் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். தேடாமல் நடுவில் இருக்கும் ஒன்றின்மேல் பழி போடுவது அந்தக் கருவிக்கும் நியாயமில்லை, உன் அப்பா கொடுத்த பணத்துக்கும் நியாயமில்லை. நல்ல பெயருள்ள ஒரு பிக்கப் செட்டின் விலை, ஆரம்பநிலை கிட்டார் ஒன்றின் விலையையே தொட்டுவிடும்.

இன்னும் கிட்டார் வாங்காத உன் நண்பர்களிடம் இதைச் சொல். பின்னால் மாற்ற முடியாதது எதுவோ, அதைப் பார்த்து வாங்க வேண்டும். நெக் முறுக்கிக்கொண்டிருக்கிறதா, ஃப்ரெட் முனைகள் கையைக் கீறுகின்றனவா, நெக்கின் பருமன் கைக்கு அடங்குகிறதா, தோளில் மாட்டினால் எடை தாங்குமா என்று பார்க்க வேண்டும். ஆம்பில் சொருகுவதற்கு முன்னால் வெறும் கிட்டாரை வாசித்து, ஒவ்வொரு ஸ்ட்ரிங்கையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் கேட்க வேண்டும். ஸ்ருதி சேர்த்து, கொஞ்ச நேரம் இழுத்து வாசித்த பிறகும் ஸ்ருதி நிற்கிறதா என்று சோதிக்க வேண்டும். பிக்கப்பைப் பழகிய கை சீக்கிரமே கழற்றி மாட்டிவிடும். முறுக்கிப்போன நெக்கை அப்படிச் சரிசெய்ய முடியாது. மனிதர்களைத் தேர்ந்தெடுக்கும்போதும் இதே வரிசைதான். நடையும் உடையும் பேச்சும் காலப்போக்கில் திருந்தும். நாணயமும் பொறுப்பும் பின்னால் பொருத்திக்கொள்ளக் கூடியவை அல்ல.

இனி உன் கையில் இருக்கும் கிட்டாருக்கு வருவோம். அதை நீ இன்னும் முழுதாகக் கேட்கவே இல்லை. கடையில் பல நாள் தொங்கிய ஸ்ட்ரிங்கோடுதான் வந்திருக்கும். நம் கடலோரக் காற்றுக்கும் வியர்வைக்கும் ஸ்ட்ரிங் சீக்கிரம் துருவேறி மந்தமாகிவிடும். முதலில் புது ஸ்ட்ரிங் போடு. விவரம் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து நெக்கின் வளைவையும், ஸ்ட்ரிங்கின் உயரத்தையும், மேல் ஃப்ரெட்களில் ஸ்ருதி விலகாமல் இருப்பதையும் சரிபார்த்துக்கொள். பிறகு பிக்கப்பின் உயரத்தைப் பார். இரு பக்கமும் உள்ள திருகுகளைத் திருப்பினால் அது ஏறும், இறங்கும். கடைசி ஃப்ரெட்டில் ஸ்ட்ரிங்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிக்கப்புக்கும் ஸ்ட்ரிங்குக்கும் நடுவே 2 முதல் 2.5 மில்லிமீட்டர் வரை இடைவெளி விட்டுப் பார். ஒற்றைச் சுருள் கொண்ட சிங்கிள் காயில் வகைக்கு அங்கிருந்து தொடங்கலாம். காந்தம் மிக அருகே வந்தால் ஸ்ட்ரிங்கையே இழுத்துப் பிடித்து ஸ்ருதியைக் கெடுக்கும். தள்ளிப் போனால் ஒலி மெலியும், ஆனால் தெளியும். காசே செலவாகாத இந்தத் திருகில் ஒரு புது பிக்கப் அளவுக்கு மாற்றம் இருப்பதை உன் காதே சொல்லும். அடுத்து வால்யூம் நாப். அதைப் பத்திலேயே வைத்து வாசிப்பவர்கள்தான் அதிகம். ஆறுக்கோ ஏழுக்கோ இறக்கினால் டிஸ்டார்ஷன் அடங்கி ஒலி விலகித் தெளிகிறது. டோன் நாப்பையும் அப்படியே ஒவ்வொரு இடமாக நிறுத்திக் கேள்.

இருப்பதைத் துருவிக் கேட்டவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு. ஃபெண்டர் கம்பெனி ஸ்ட்ராடோகாஸ்டரை 1954-இல் கொண்டுவந்தபோது அதில் மூன்று பிக்கப்கள். ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் ஒலிக்கும்படி மூன்று நிலை ஸ்விட்ச். வாசித்தவர்கள் அந்த ஸ்விட்சை இரண்டு நிலைகளுக்கு நடுவில் நிறுத்திப் பார்த்தார்கள். இரண்டு பிக்கப் சேர்ந்து ஒலித்தபோது, யாரும் திட்டமிடாத ஒரு மென்மையான, மணி போன்ற ஒலி கிடைத்தது. ஊரெல்லாம் அப்படி வாசிக்கத் தொடங்கிய பிறகு, 1977-இல் கம்பெனியே ஐந்து நிலை ஸ்விட்சை வைத்துக் கொடுத்தது. அந்த ஒலிக்காக யாரும் புது பிக்கப் வாங்கவில்லை. அது முதல் நாளிலிருந்தே உள்ளே இருந்தது.

இதையெல்லாம் செய்த பிறகும் ஏதோ ஒன்று உறுத்தினால், அது என்ன என்று பெயர் சொல்லிப் பார். "சவுண்ட் சரியில்லை" என்பது பெயர் ஆகாது. "மேடையில் பாட்டு நின்ற இடத்தில் 'ம்ம்' என்று இரைச்சல் கேட்கிறது" என்றால் அது பெயர். சிங்கிள் காயில் பிக்கப் ஸ்ட்ரிங்கின் அதிர்வோடு, சுற்றியுள்ள மின்சார வயர்களின் இரைச்சலையும் சேர்த்தே வாங்கும். நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 தடவை அதிர்வதால் அந்த முனகல் வருகிறது. பெயர் கிடைத்துவிட்டால் வழியும் கிடைக்கும். மொபைல் சார்ஜரையும் சோக் வைத்த பழைய ட்யூப் லைட்டையும் அணைத்துப் பார். உட்கார்ந்திருக்கும் திசையைக் கொஞ்சம் திருப்பிப் பார். வீட்டு எர்த் சரியாக இருக்கிறதா என்று சோதி. ஸ்ட்ரிங்கைத் தொட்டதும் சுரீர் என்றால் உடனே நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு, அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். இன்றைய ஸ்ட்ராட் வகைக் கிட்டார்கள் பலவற்றில் நடு பிக்கப் எதிர்த்திசையில் சுற்றப்பட்டிருக்கும். ஆகவே ஸ்விட்சின் 2, 4 நிலைகளில் இரைச்சல் பெரும்பாலும் அடங்கிவிடும். அதற்கும் அடங்காமல், நீ வாசிக்கும் இசைக்கு அந்த இரைச்சல் இடைஞ்சலாகவே இருந்தால், இப்போது உனக்கு ஹம்பக்கர் தேவை. கிப்சன் கம்பெனியின் சேத் லவர் என்ற பொறியாளர் இதே குறைக்காகத்தான் 1955-இல் ஹம்பக்கருக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். இரண்டு சுருள், சுற்றின் திசையும் காந்தத் திசையும் எதிரெதிர். ஸ்ட்ரிங்கின் ஒலி கூடும், வெளி இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறையும். 1957-இலிருந்து அது கிட்டார்களில் வந்தது. கூடவே கனமான, உருண்ட ஒரு ஒலியும் வந்தது.

பிக்கப் மாற்றிப் பேர் வாங்கியவர்கள் பலரும் குறையைத் தெரிந்து மாற்றியவர்கள். குயின் குழுவின் பிரையன் மே பள்ளி வயதில், 1963-இல், அப்பாவோடு சேர்ந்து வீட்டிலேயே ஒரு கிட்டார் செய்யத் தொடங்கினார். நெக்குக்குக் குளிர்காயும் அடுப்பின் பழைய மரச்சட்டம், ஸ்ருதியை அசைக்கும் டிரெமலோவுக்கு மோட்டார் சைக்கிள் ஸ்பிரிங். பிக்கப்பையும் தன் கையாலேயே சுற்றினார். ஒலி நன்றாகவே இருந்தது. ஆனால் ஸ்ட்ரிங்கைப் பக்கவாட்டில் வளைத்து இழுத்தபோது வேண்டாத ஒரு சத்தம் கூடவே வந்தது. குறை இன்னது என்று தெரிந்ததும் பர்ன்ஸ் கம்பெனியின் டிரை-சோனிக் பிக்கப்களை வாங்கிப் பொருத்தினார். ரெட் ஸ்பெஷல் என்ற அந்தக் கிட்டாரோடுதான் பல பத்தாண்டுகளாக மேடையேறி வந்திருக்கிறார். ராக் கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலனுக்கு ஸ்ட்ராட்டின் டிரெமலோவும் வேண்டும், கிப்சனின் கனமும் வேண்டும். மலிவாகக் கிடைத்த ஒரு பாடியில் கிப்சன் ஹம்பக்கரைப் பொருத்தினார். ஆம்பை உச்சத்தில் வைத்தால் அது கீச்சிட்டது. சுருளுக்குள் ஆட்டம் இருப்பதே காரணம் என்று கண்டு, உருக்கிய பாரஃபின் மெழுகில் முக்கி எடுத்தார். 1978-இல் வந்த அவருடைய குழுவின் முதல் ஆல்பம், கிட்டார் வாசிப்பின் போக்கையே திருப்பியது.

நம் பக்கத்திலும் பெரிய உதாரணம் இருக்கிறது. மாண்டலினில் ஜோடி ஜோடியாக நான்கு வரிசை கம்பிகள் இருக்கும். கர்நாடக சங்கீதத்துக்குக் கமகம் உயிர். கம்பியை இழுத்து வளைத்தாலும் நாதம் நீண்டு நிற்க வேண்டும். யு. ஸ்ரீநிவாஸ் எலக்ட்ரிக் மாண்டலினை எடுத்து, ஜோடிகளை விட்டு ஐந்து ஒற்றைக் கம்பிகளில் வாசித்தார். மேல்நாட்டுக் கருவி கச்சேரி மேடையின் நடுவில் உட்கார்ந்தது. அந்த மாற்றத்துக்குப் பின்னால் இருந்தது ராகத்தின் தேவை. கருவிக் கடைப் பட்டியலைப் பார்த்து அது வரவில்லை.

நீயும் மாற்றுவதாக முடிவு செய்தால் ஒழுங்காகச் செய். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. பிக்கப்பையும் ஸ்ட்ரிங்கையும் ஆம்பையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எது எதைச் செய்தது என்று உனக்குக் கடைசிவரை தெரியாது. மாற்றுமுன் பழைய ஒலியைப் பதிவு செய்து வை. ஒரே பாட்டை, ஒரே செட்டிங்கில், மாற்றிய பிறகும் பதிவு செய்து ஒப்பிட்டுக் கேள். வயர் எது எங்கே சால்டர் ஆகியிருக்கிறது என்று போட்டோ எடுத்துக்கொள். சிங்கிள் காயிலுக்கு வழக்கமாக 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் நாப்கள். அதைக் கவனிக்காமல் மாட்டினால் நல்ல பிக்கப்பும் மந்தமாகவோ கூர்மையாகவோ ஒலிக்கும். மீட்டரில் ஓம் அதிகம் காட்டும் பிக்கப் எல்லாமே சிறந்தது என்று நம்பாதே. சுற்று கூடக்கூட ஒலியின் பலம் ஏறும், உச்ச ஸ்தாயியின் தெளிவு குறையும். பழைய பிக்கப்பை அதன் ஸ்க்ரூ, ஸ்பிரிங்கோடு ஒரு டப்பாவில் போட்டுப் பத்திரமாக வை. திரும்பி வரும் வழியை அடைத்துவிட்டு எந்த மாற்றத்தையும் செய்யக் கூடாது.

இப்போது கிட்டாரைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டுக் கேள். உன் வயதில் எல்லாமே போதாததாகத் தோன்றும். சேர்ந்த படிப்பு, கிடைத்த முதல் வேலை, தங்கும் ஊர், கூட இருக்கும் நண்பர்கள், ஏன், உன் முகம்கூட. அடுத்தது கிடைத்தால் சரியாகிவிடும் என்று சொல்லி விற்பவர்கள் உன்னைச் சுற்றி எப்போதும் இருப்பார்கள். உனக்குச் சலிப்பு வந்துவிட்டது என்பதாலேயே கையில் இருப்பதில் குறை இருப்பதாக ஆகிவிடாது. சலிப்புக்கு மருந்தாகப் பொருளை மாற்றினால், புதுப் பொருளோடு அதே சலிப்பும் வீட்டுக்குள் வரும். வேலையை விட நினைக்கும்போது, அங்கே எது வலிக்கிறது என்று எழுதிப் பார். சம்பளமா, கற்க ஒன்றும் இல்லாததா, மரியாதைக் குறைவா? ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு. சிலது கேட்டாலே கிடைக்கும், சிலது நாம் பழகினால் சரியாகும், சிலதற்கு வெளியேறுவதுதான் வழி.

அதனால் "இருப்பதை வைத்துச் சமாளி" என்று பெரியவர்கள் வழக்கமாகச் சொல்வதை நான் உனக்குச் சொல்ல மாட்டேன். தெரிந்த குறையோடு பயத்தினால் ஒட்டிக்கொண்டிருப்பதும் தவறுதான். பிரையன் மே தன் கையால் சுற்றிய பிக்கப் என்ற பாசத்தில் அதையே வைத்திருந்தால் அந்த ஒலி பிறந்திருக்காது. உழைத்துச் செய்தது என்பதற்காக ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஊர் சொல்கிறது என்பதற்காக விடவும் தேவையில்லை. தெரிந்து வைத்திரு, தெரிந்து விடு.

அடுத்த சில மாதங்கள் இந்தக் கிட்டாரைத் தினமும் எடுத்து வாசி. எந்தப் பாட்டில், எந்த இடத்தில், எந்த ஒலி வரவில்லை என்று ஒரு நோட்டில் குறித்து வா. அதே குறிப்பு திரும்பத் திரும்ப வந்தால், உனக்கு என்ன வேண்டும் என்பதை நீயே கண்டுபிடித்துவிட்டாய். கடைக்காரரையோ என்னையோ கேட்க வேண்டியதில்லை. பணம் சேர்த்து, தைரியமாக வாங்கி மாட்டு. மாட்டிய பிறகு அடுத்த பிக்கப்பைத் தேடாமல், வாங்கிய விலைக்கு வாசி.