எலிக்குட்டி வாங்கப் போறீங்களா?

கம்ப்யூட்டர் வாங்கும்போது ராம் எவ்வளவு, ஹார்டு டிஸ்க் எவ்வளவுன்னு பத்து பேர்கிட்ட விசாரிக்கிற நாம, எலிக்குட்டி (அதாங்க, மவுஸ்) வாங்கும்போது மட்டும் "ஏதாவது ஒண்ணு குடுங்கண்ணா"ன்னு கேட்டு வாங்கிட்டு வந்துடறோம். ஆனா நாள் முழுக்க நம்ம கையில இருக்கிறது அதுதான்.

இதைப் பத்தி நான் இவ்வளவு யோசிக்கக் காரணம் எங்க பெரியம்மா பொண்ணு. ஆவடியில வீட்டுல இருந்தபடியே, அம்பத்தூர் எஸ்டேட்ல இருக்கிற மூணு சின்னப் பட்டறைகளுக்குக் கணக்கு எழுதறாங்க. மாசம் 11-ம் தேதிக்குள்ள ஜிஎஸ்டிஆர்-1, 20-ம் தேதிக்குள்ள ஜிஎஸ்டிஆர்-3பி. டாலி வரைக்கும் தொந்தரவு இல்லை. எஃப்8 தட்டினா சேல்ஸ், எஃப்9 தட்டினா பர்ச்சேஸ், கை கீபோர்டை விட்டே நகர வேண்டாம். ஜிஎஸ்டி தளத்துக்குள்ள போனாத்தான் கட்டத்துக்குக் கட்டம் சொடுக்கணும். அங்கதான் அவங்க வயர்லெஸ் மவுஸ் காலை வாரிடுச்சு. ஒரு தடவை அழுத்தினா ரெண்டு தடவை சொடுக்குது! வாங்கி ஒன்பதே மாசம். போதாக்குறைக்கு சாயங்காலமானா மணிக்கட்டு வலி வேற.

"1,200 ரூபா வரைக்கும் தரேன். பி.காம் படிக்கிறியே, உருப்படியா ஒண்ணு பார்த்து வாங்கிக் குடுடா"ன்னாங்க. அவங்க வீட்டு வாடகை அந்த வலது கையிலதான் இருக்கு. அதனால கொஞ்சம் சீரியஸாவே இறங்கினேன்.

முதல்ல நம்ம பாடம். கம்பெனிகள் சட்டம் 2013, இரண்டாவது அட்டவணை: டெஸ்க்டாப், லேப்டாப் மாதிரி சாதனங்களுக்குப் பயன்பாட்டுக் காலம் 3 வருஷம். மவுஸுக்கும் அதையே அளவுகோலா வெச்சுக்கலாம்னு தோணுச்சு. அக்காவோட பழைய மவுஸ் 400 ரூபா, 9 மாசம் உழைச்சது. மாசத்துக்கு 44 ரூபா. 1,200 ரூபா மவுஸ் 36 மாசம் உழைச்சா மாசத்துக்கு 33 ரூபாதான். நேர்கோட்டு முறையில தேய்மானம் போடத் தெரிஞ்ச யாருக்கும் எது மலிவுன்னு புரியும். ஆனா 36 மாசம் உழைக்குமான்னு கடையிலேயே எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மவுஸ்ல அதிகம் சாகிறது இடது பொத்தானுக்குக் கீழ இருக்கிற குட்டி ஸ்விட்ச்தான். நல்ல ஸ்விட்சுகளுக்கு 1 கோடி அழுத்தம், 2 கோடி அழுத்தம்னு கணக்குச் சொல்றாங்க. ஒரு நாளைக்கு 4,000 சொடுக்கு, வருஷத்துக்கு 300 நாள்னு வெச்சாக்கூட 12 லட்சம்தான் ஆகுது. 1 கோடியைத் தொட எட்டு வருஷத்துக்கு மேல ஆகணும். ஆனா அது சோதனைச் சூழல்ல எடுத்த கணக்கு. ஸ்விட்ச் உள்ள ஒரு சின்ன உலோகத் தகடு இருக்கு. அழுத்தும்போது அது போய் ஒட்டுறதுக்கு முன்னாடி லேசா துள்ளும். அந்தத் துள்ளலை இன்னொரு சொடுக்கா எண்ணிடாம இருக்க, மவுஸ் உள்ள இருக்கிற சிப் சில மில்லிசெகண்ட் காத்திருக்கும். தகடு தேஞ்சு, மேல ஆக்ஸைடு படிஞ்சுட்டா துள்ளல் அந்த நேரத்தையும் தாண்டிடும். ஒண்ணு ரெண்டாகிறது இப்படித்தான்.

உலோகத் தகட்டுக்குப் பதிலா ஒளியை வெச்சு வேலை செய்யற ஆப்டிகல் ஸ்விட்ச்ல இந்தத் துள்ளல் தொல்லை இல்லை. ஆனா அது பெரும்பாலும் கேமிங் மவுஸ்லதான் வருது, விலையும் ஜாஸ்தி. நம்ம பட்ஜெட்டுக்கு, வாரண்டி எத்தனை வருஷம்னு பார்க்கிறதுதான் புத்திசாலித்தனம். தன் ஸ்விட்ச் மேல நம்பிக்கை உள்ள கம்பெனிதான் 3 வருஷம் தரும்.

அடுத்து மேல் பூச்சு. கையில பிடிக்கும்போது வெல்வெட் மாதிரி மெத்துன்னு இருக்கிற ரப்பர் பூச்சு கடையில ஆளை மயக்கும். காத்துல இருக்கிற ஈரம் பட்டுப்பட்டு அந்தப் பூச்சு நாளடைவுல சிதைஞ்சு, பிசுபிசுன்னு ஆயிடும். நம்ம ஊரு புழுக்கத்தைப் பத்திச் சொல்லணுமா? சாதாரண சொரசொரப்பான பிளாஸ்டிக்கே போதும்.

மூணாவது டாங்கிள். நிறைய மவுஸ்கள் கூட வர்ற டாங்கிளோட மட்டும்தான் பேசும். அது தொலைஞ்சா மவுஸ் பேப்பர் வெயிட். லாஜிடெக்ல 2009-ல வந்த யூனிஃபையிங், 2021-ல வந்த போல்ட் மாதிரி முறைகள்ல டாங்கிள் தனியா வாங்கி இணைச்சுக்கலாம். ப்ளூடூத் மவுஸ்ல இந்தக் கவலையே இல்லை, ஆனா உங்க கம்ப்யூட்டர்ல ப்ளூடூத் இருக்கணும். அக்காவோட பழைய டெஸ்க்டாப்ல இல்லை.

இன்னொரு விஷயம். அம்புக்குறி திக்கித் திணறினா உடனே மவுஸைத் திட்டாதீங்க. யுஎஸ்பி 3.0 போர்ட்ல ஹார்டு டிஸ்க் மாதிரி ஏதாவது வேலை செய்யும்போது 2.4 ஜிகாஹெர்ட்ஸ்ல இரைச்சல் வரும்னு 2012-லேயே இன்டெல் விளக்கம் வெளியிட்டிருக்கு. டாங்கிள் பேசுறதும் அதே அலைவரிசையிலதான். வேற போர்ட்டுக்கு மாத்துங்க, இல்லன்னா சின்ன எக்ஸ்டென்ஷன் ஒயர்ல மாட்டி மேஜை மேல வைங்க. பல நேரம் அதுலயே சரியாயிடும்.

செல் விஷயத்துல என் ஓட்டு ஏஏ செல்லுக்கு. உள்ளேயே பொருத்தின பேட்டரி வீக்கானா மாத்தறது பெரும்பாடு. ஆனா மவுஸை ரொம்ப நாள் சும்மா போட்டா செல்லைக் கழட்டி வெச்சுடுங்க. ஆல்கலைன் செல் கசிஞ்சா வெள்ளையா பூத்து ஸ்பிரிங்கை அரிச்சுடும்.

இப்போ கை. 1964-ல டக்ளஸ் எங்கல்பார்ட் குழு செஞ்ச முதல் மவுஸ் ஒரு மரப்பெட்டி. அதுக்கப்புறம் எத்தனையோ வடிவம் வந்தாச்சு, ஆனா எல்லாக் கைக்கும் பொருந்துற ஒண்ணு இன்னும் வரலை. பை ஓரத்துல போட்டுட்டுப் போக வசதியா வர்ற குட்டி மவுஸ்ல உள்ளங்கை அந்தரத்துல நிக்கும், விரல் மடங்கியே இருக்கும். அக்காகிட்ட இருந்தது அதுதான். மணிக்கட்டு மேல்நோக்கி வளையாம, உள்ளங்கை மவுஸ் மேல படியணும். கை குலுக்கற மாதிரி பிடிக்கிற செங்குத்து மவுஸும் இருக்கு. ஆனா பழக ஒரு வாரம் பத்து நாள் ஆகும், நல்லது வாங்க 1,200 பத்தாது. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் மரத்துப் போகுதுன்னா மவுஸ் கடைக்குப் போகாதீங்க, டாக்டர்கிட்ட போங்க. அக்காவையும் முதல்ல அங்கதான் அனுப்பினேன். மரத்துப்போற அளவுக்கு இல்லை, மேஜை உயரம்தான் காரணம்னு சொல்லி அனுப்பினாங்க. நாற்காலியில ஒரு தலகாணி போட்டதுல பாதி வலி போச்சு.

வாங்கினது ரிச்சி ஸ்ட்ரீட்ல. அம்பத்தூர்ல இருந்து லோக்கல் டிரெயின்ல சென்ட்ரல், அங்கிருந்து மவுண்ட் ரோடு பக்கம். அக்காவையும் கூட்டிட்டுப் போனேன், அவங்க கையை நான் கொண்டு போக முடியாதே :) டிஸ்ப்ளேவுல இருந்த நாலு மவுஸைப் பிடிச்சுப் பார்த்தாங்க. "பொறுமையா பாரும்மா"ன்னு கடைக்காரர் ஸ்டூல் எடுத்துப் போட்டார். பெட்டியில எம்ஆர்பி, இறக்குமதி பண்ணவங்க பேரு, முகவரி, புகார் சொல்ல நம்பர் எல்லாம் ஒட்டியிருக்கான்னு பார்த்தோம். அதெல்லாம் சட்டப்படி இருந்தாகணும். இல்லாத பெட்டிக்கு வாரண்டி கேட்டு எங்க போறது?

நடுத்தர சைஸ், ஏஏ செல், ரப்பர் பூச்சு கிடையாது, 3 வருஷ வாரண்டி. 1,150 ரூபா. மாசத்துக்கு 32 ரூபா விழுது.

வாங்கினதும் பில்லை ஒரு போட்டோ எடுத்து வெச்சுடுங்க மக்களே. தெர்மல் பேப்பர் பில்லு மூணு வருஷத்துக்குள்ள வெள்ளைக் காகிதமா ஆயிடும், வாரண்டி பாக்கி இருந்தாலும் காட்ட ஒண்ணும் இருக்காது.