அடிமுடி காணாத மலையடியில்

ஒரு காலத்தில் நம் தோட்டங்களில் விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது, 'அண்ணாமலை' என்றதும் இரண்டு மூன்று பேர் சேர்ந்து குரல் கொடுப்பார்கள். பெரிய அண்ணாமலையா, சின்ன அண்ணாமலையா என்று கங்காணி கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். ஆற்காட்டுச் சீமையிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் துணி மூட்டையோடு சேர்த்துச் சுமந்து வந்த பெயர் அது. அதன் பொருளை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்? அண்ணுதல் என்றால் நெருங்குதல், கிட்டுதல். அண்ணா மலை என்றால் கிட்ட முடியாத மலை. கண்ணுக்கு எதிரே நிற்கும் ஒரு மலைக்கு, ஊர் நடுவிலிருந்து அரை மணி நேரத்தில் அடிவாரத்தைத் தொட்டுவிடக்கூடிய மலைக்கு, இப்படி ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள் நம் முன்னோர்.

வாசக அன்பர்களே, தமிழ்நாட்டுக்குப் புறப்படும் நம்மவர்களின் பயணத் திட்டம் உங்களுக்குத் தெரியாததல்ல. சென்னையில் துணிக்கடை, பிறகு பழனி, மதுரை, இராமேசுவரம். நடுவில் திருவண்ணாமலைக்கு ஒரு மாலைப் பொழுது. வேனை நிறுத்தி, வரிசையில் நின்று, திருநீறு வாங்கிக்கொண்டு, வாசலில் படம் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அடுத்த முறை போகும்போது இந்த ஊருக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள். துணிக்கடையில் ஒரு நாளைக் குறைத்துக்கொண்டால் போதும்.

சென்னையிலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாகச் சுமார் 190 கிலோ மீட்டர். காலையில் பசியாறிவிட்டுக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு அங்கே இருக்கலாம். செஞ்சிக் கோட்டையைத் தாண்டியதும் சன்னலோரம் உட்கார்ந்துகொள்ளுங்கள். சுற்றிலும் வெட்டவெளி. அந்த வெளியில் தனியாக ஒரு மலை எழுந்து நிற்கும். உயரம் 814 மீட்டர். கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தைப் போல ஒன்றே முக்கால் மடங்குக்குச் சற்று அதிகம் என்று வைத்துக்கொள்ளலாம். கெந்திங் மலைக்கும் கேமரன் மலைக்கும் போய்ப் பழகிய நமக்கு இது பெரிய உயரமன்று, பச்சையும் குறைவு. பாறையும் புதருமாகக் கரடுமுரடாகத்தான் இருக்கும். முதன் முதலில் பார்க்கும்போது, 'இதற்கா இவ்வளவு பேச்சு?' என்றுகூடத் தோன்றும்.

இந்த மலையின் கதையை நீங்கள் சிறு வயதில் கேட்டிருப்பீர்கள். பிரமனுக்கும் திருமாலுக்கும் தம்முள் யார் பெரியவர் என்று வழக்கு வந்தது. நடுவில் ஒரு நெருப்புத் தூண் எழுந்தது. அதன் அடியையோ முடியையோ கண்டவரே பெரியவர் என்று ஏற்பாடு. திருமால் பன்றியாகி மண்ணைக் குடைந்துகொண்டு கீழே போனார். பிரமன் அன்னமாகி மேலே பறந்தார். யுகக் கணக்கில் தேடியும் இருவருக்கும் எதுவும் தென்படவில்லை. திருமால் திரும்பி வந்து, 'என்னால் காண முடியவில்லை' என்று சொல்லிவிட்டார். பிரமனோ, முடியிலிருந்து நழுவிக் கீழே விழுந்துகொண்டிருந்த தாழம்பூவை வழியில் சந்தித்து, 'நான் முடியைக் கண்டேன் என்று சாட்சி சொல்' என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். பொய் வெளிப்பட்டது. பிரமனுக்குக் கோயில் இல்லாமல் போனதும், சிவ பூசையில் தாழம்பூ சேராமல் போனதும் அதனால்தான் என்பார்கள். அந்த நெருப்புத் தூண் குளிர்ந்து மலையாக நிற்கும் இடமே திருவண்ணாமலை.

இந்தக் கதையைச் சொல்லுகிறவர்கள் சைவ வைணவப் போட்டியாக்கி, ஒருவர் உயர்த்தி ஒருவர் தாழ்த்தி என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. தேடிப் போனவர் இருவருமே தோற்றவர்கள்தாம். காணாமல் திரும்பியதற்காக யாரும் தண்டனை பெறவில்லை. காணாததைக் கண்டதாகச் சொன்னதற்குத்தான் தண்டனை. அதிலும் அப்படிச் சொன்னவர் யார்? வேதங்களுக்கெல்லாம் உரியவர், படைப்புத் தொழில் செய்கிறவர், கற்றவர்களுக்குள் முதல்வர். படிக்காத ஒருவர் மேல் இந்தப் பழியைப் போடக் கதை சொன்னவர்களுக்கு மனம் வரவில்லை, பாருங்கள்.

கோயிலுக்குள் போவோம். ஏறத்தாழ 25 ஏக்கர் பரப்பு. ஒன்பது கோபுரங்கள். கிழக்கு வாசல் இராசகோபுரம் பதினொரு நிலை, 217 அடி. கிருஷ்ண தேவராயர் தொடங்கி வைத்து, தஞ்சை நாயக்கர் செவ்வப்பர் காலத்தில் நிறைவேறியது. ஆயிரங்கால் மண்டபத்தில் பாதாள லிங்கத்தையும் பாருங்கள். அருணகிரிநாதர் வாழ்வோடு சேர்த்துச் சொல்லப்படும் கிளி கோபுரம் உள்ளே இருக்கிறது. இவற்றையெல்லாம் வழிகாட்டி காட்டிவிடுவார்.

வழிகாட்டி பெரும்பாலும் காட்டாமல் விடுவது ஒன்று உண்டு. மூலவரை வணங்கிவிட்டுக் கருவறையைச் சுற்றி வரும்போது பின்புறச் சுவரில், அதாவது மேற்கு முகமாக, ஒரு மாடத்தை நாடுங்கள். சோழர் காலம் தொட்டுக் கட்டப்பட்ட சிவாலயங்களில் பெரும்பாலும் அந்த இடத்தில் இலிங்கோற்பவர் இருப்பார். ஒரு தூண் நடுவில் பிளந்து, அந்தப் பிளவுக்குள் சிவபெருமான் நிற்பார். கீழே பன்றி, மேலே அன்னம். சற்று நின்று பார்த்தால் ஒன்று தெரியும்: பெருமானின் பாதம் இருக்காது. கால்கள் தூணுக்குள் மறைந்துபோகும். முடியும் அப்படியே பிளவின் விளிம்பில் மறையும். நடராசர் பாதத்தின் சிலம்பையும் விரலையும் அவ்வளவு நுணுக்கமாகச் செய்த கைகளுக்கு இந்தப் பாதத்தைச் செதுக்கத் தெரியாதா? இங்கே உளியை நிறுத்திக்கொண்டார்கள். தாழம்பூவைப் போல் சாட்சி சொல்ல அந்தச் சிற்பிகளுக்கு விருப்பமில்லை போலும். நம் நாட்டிலும் ஆகம முறைப்படி எழுப்பிய சிவன் கோயில்களில் இந்தத் திருவுருவத்தைக் காணலாம். உங்கள் ஊர்க் கோயிலில் இருந்தால், இந்த வெள்ளிக்கிழமையே பின்பக்கம் போய்ப் பாருங்கள்.

கோயிலுக்குப் பின்னால் மலையில் சற்று ஏறினால் விரூபாட்சி குகை. பத்துமலைப் படி ஏறியவர்களுக்கு இந்த ஏற்றம் பயமில்லை, வெயில்தான் பொல்லாதது. இந்தக் குகை வாசலில் 1907ஆம் ஆண்டு நடந்ததை அவசியம் சொல்ல வேண்டும்.

மதுரையில் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட பதினாறு வயதுப் பிள்ளை ஒருவர், 1896 செப்டம்பர் முதல் தேதி இந்த ஊருக்கு வந்து சேர்ந்தார். நான் சொன்ன பாதாள லிங்கத்தின் இருட்டில் பூச்சிகள் உடம்பை அரிப்பதும் தெரியாமல் உட்கார்ந்திருந்தவர் அவரே. பிறகு மலைக் குகைக்குப் போய்விட்டார். அதிகம் பேசமாட்டார். ஊரார் பிராமண சாமி என்று அழைத்தார்கள்.

அதே காலத்தில் கணபதி சாஸ்திரி என்றொரு பெரும் பண்டிதர் இருந்தார். ஆந்திரத்தில் பிறந்தவர். 1900ஆம் ஆண்டு வங்காளத்து நவத்வீபத்தில் கற்றோர் சபையில் நினைத்த மாத்திரத்தில் வடமொழிக் கவி பொழிந்து, 'காவ்யகண்டர்' என்ற பட்டம் பெற்றவர். சாத்திரம் எல்லாம் படித்தாயிற்று, மந்திரங்களைக் கோடிக் கணக்கில் உருவேற்றியாயிற்று. ஆனாலும் மனம் நிறையவில்லை. கார்த்திகைத் திருவிழாக் காலத்தில், 1907 நவம்பர் 18 அன்று, உச்சி வெயிலில் மலையேறிப் போய், தம்மைவிட ஒரு வயது இளையவரான அந்தச் சாமியின் காலைப் பிடித்துக்கொண்டார். படிக்க வேண்டியதெல்லாம் படித்துவிட்டேன், தவம் என்றால் என்ன என்பது மட்டும் இன்னும் விளங்கவில்லை, அதைச் சொல்லுங்கள் என்று கேட்டார். கால் மணி நேரம் போல அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சாமி பதில் சொன்னார். 'நான்' என்ற எண்ணம் எங்கிருந்து எழுகிறது என்று கவனித்தால் மனம் அங்கே ஒடுங்கும், அதுவே தவம் என்பது அந்தப் பதிலின் சாரம். பகவான் ரமண மகரிஷி என்று உலகம் அழைக்கும் பெயரைச் சூட்டியவர் அந்தப் பண்டிதரே.

ரமணரின் பெருமையை எழுதியவர்கள் பலர். நான் அந்தப் பண்டிதரை நினைக்கிறேன். பட்டமும் மாணவர் கூட்டமும் உள்ள ஒருவர், நாலு பேர் பார்க்கும்படி, எனக்கு விளங்கவில்லை என்று வாய்விட்டுச் சொல்லுவது எளிதா? நம் வீட்டுப் பெரியவர்களில் எத்தனை பேர் பேரப் பிள்ளையிடம் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள்?

மறுநாளைக் கிரிவலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மலையைச் சுற்றி 14 கிலோ மீட்டர். வெறுங்காலோடு நிதானமாக நடந்தால் நாலு, ஐந்து மணி நேரம் ஆகும். பகலில் தார்ச்சாலை கொதிக்கும்; இரவிலோ விடியலுக்கு முன்போ நடப்பது நல்லது. வயதானவர்களுக்கு ஆட்டோ உண்டு, வெட்கப்பட வேண்டாம். எட்டுத் திசைக்கும் எட்டு இலிங்கங்கள் வழியில் வரும். எந்தக் கிழமை நடந்தால் என்ன பலன், எந்த இலிங்கத்தை வணங்கினால் எந்தக் கடன் தீரும் என்று அட்டவணை சொல்லுகிறவர்களும் வழியில் வருவார்கள். நம்பிக்கை உள்ளவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அடியும் முடியும் காணாத ஒன்றின் காலடியில் நின்றுகொண்டு, செவ்வாய்க்கிழமைக்கு இன்னது, புதன்கிழமைக்கு இன்னது என்று அத்தனை உறுதியாகச் சொல்ல எப்படித்தான் நா எழுகிறதோ!

மலைக்கு மேற்கே ஆதி அண்ணாமலை என்றொரு சிறிய கோயில். கூட்டம் குறைவு, உட்கார்ந்து இளைப்பாறலாம். இங்குள்ள இலிங்கத்தை நிறுவியவர் பிரமன் என்பது ஊர் வழக்கு. பெரிய கோயிலுக்கு நேர் பின்புறம், ஊரின் ஆரவாரம் எட்டாத இடமாகப் பார்த்து அவரை உட்கார்த்தியிருக்கிறார்கள்.

இன்னும் நடந்தால் குபேர இலிங்கத்தை அடுத்து இடுக்குப் பிள்ளையார். சின்னஞ்சிறு கட்டடம். ஒருக்களித்துப் படுத்து, தோளைக் குறுக்கி, ஊர்ந்துதான் மறுபக்கம் வர வேண்டும். முறுக்கிய மீசையோடு வருகிறவரும் பட்டுப் புடவையோடு வருகிறவரும் அங்கே ஒரே மாதிரி புழுதியில் கிடந்து நெளிவார்கள். வெளியே வந்ததும் எல்லோரும் சிரிப்பார்கள். உடம்பு பெருத்தவர்கள் முயல வேண்டாம். வெளியிலிருந்து ஒரு கும்பிடு போதும்.

மலையடிவாரத்துத் தெருக்களில் ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். பயண நூல்கள் இதைச் சொல்லுவதில்லை. 2024 டிசம்பர் முதல் தேதி, ஃபெஞ்சல் புயலின் பெருமழையில் அண்ணாமலையின் ஒரு பக்கம் சரிந்தது. வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின் மேல் பாறையும் மண்ணும் இறங்கின. உள்ளே இருந்த ஏழு பேர் மாண்டார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். மீட்புப் படையினர் இரவு பகலாக மண்ணை வெட்டி உடல்களை எடுத்தார்கள்.

மழை எவ்வளவு பெய்தது, மண் ஏன் இளகியது, சரிவில் வீடுகள் எப்படி வந்தன என்பவை மனித அறிவுக்கு உட்பட்ட கேள்விகள். அவற்றுக்குப் பதில் தேடியே ஆக வேண்டும். தேடாமல் எல்லாம் அவன் செயல் என்று கைகட்டிக்கொண்டால் அது பணிவு ஆகாது, சோம்பல். நிலநூல் அறிஞர்கள் வந்து மலையைப் பார்வையிட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 13 அன்று வந்த தீபத் திருநாளில் பொதுமக்கள் மலையேற அனுமதி இல்லை என்று அரசு தடுத்தது. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

ஆனால் தெருவுக்குத் தெரு வேறொரு விளக்கமும் கிடைக்கும். மலை கோபித்துக்கொண்டது, இன்னார் செய்த பாவம், இது எச்சரிக்கை என்பார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்த தெருவில் நின்றுகொண்டு, இறைவனின் மனத்துக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்போல் இப்படிப் பேசுகிறவர் கையில் ஒரு தாழம்பூ இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றுகிறது. அந்த ஐந்து குழந்தைகள் ஏன் என்று யாராவது என்னைக் கேட்டால், என்னிடம் பதில் கிடையாது. குருக்களிடமும் கிடையாது, பேராசிரியரிடமும் கிடையாது. அந்த வழியாக நீங்கள் போக நேர்ந்தால் பேசாமல் சற்று நின்றுவிட்டுப் போங்கள்.

கார்த்திகைத் தீபத்துக்கே போக முடிந்தவர்கள் பேறு பெற்றவர்கள். கூட்டம் இலட்சக் கணக்கில் இருக்கும். தங்கும் இடத்துக்குப் பல மாதம் முன்பே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். விடியற்காலை நாலு மணிக்குக் கருவறையில் பரணி தீபம். மாலை ஆறு மணிக்கு அர்த்தநாரீசுவரர் சில நிமிடம் மட்டுமே வெளியே வந்து காட்சி தருவார். அந்த நேரத்தில் மலையுச்சியில் தீபம் எரியத் தொடங்கும். ஆளுயரத்தை ஒட்டிய கொப்பரை, மூவாயிரம் கிலோவுக்கு மேல் நெய், ஆயிரம் மீட்டர் அளவுக்குத் துணித்திரி. அத்தனையும் மனிதத் தோளில்தான் மேலே போகின்றன. தேவர்கள் எட்டாத அந்த முடியில் தீபம் ஏற்றும் உரிமை யாருக்கு என்கிறீர்கள்? வலை வீசி மீன் பிடிக்கும் குலத்தில் வந்த பருவத ராச குலத்தாருக்கு. தலைமுறை தலைமுறையாக அவர்களே ஏற்றி வருகிறார்கள்.

தீபம் பதினொரு நாள் எரியும். பிறகு கொப்பரையைக் கீழே இறக்கி, அதில் படிந்த கரியைச் சேர்த்து மையாக்குவார்கள். மார்கழித் திருவாதிரையன்று நடராசப் பெருமானுக்குச் சாத்திய பிறகு, அந்த மை அடியார்களுக்குப் பிரசாதமாகக் கிடைக்கும். சின்னப் பொட்டலத்தில் ஒரு விரல்நுனி அளவுக்குத்தான் இருக்கும்.