விரல் நுனிக் குளிர்

வல்லக்கோட்டையில் குளிர் என்றால் ஓசூர், பெங்களூர் நண்பர்கள் சிரிக்கிறார்கள். மார்கழி விடியலில்கூட இங்கே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அதுக்குப் போய் ஸ்வெட்டரா என்பார்கள். வாஸ்தவம்தான். ஆனால் காலை 5.15 மணிக்கு, முருகன் கோயில் ஸ்பீக்கரில் கந்த சஷ்டி கவசம் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஒரகடம் பக்கம் சைக்கிள் மிதிக்கிறவர்களின் கைகளைப் பார்க்க வேண்டும். ஒரு கை ஹேண்டில்பாரில், இன்னொன்று அக்குளுக்குள். கொஞ்ச தூரத்தில் கை மாறும். கார்களை அடுக்கிக்கொண்டு டிரெய்லர்கள் போகிற ரோட்டில், பனிமூட்டத்தில், ஒற்றைக் கை.

நிரந்தரத் தொழிலாளர்களுக்கு கம்பெனி பஸ் வந்துவிடும். இவர்கள் பெரும்பாலும் செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், கேன்டீன். ஆறு மணி ஷிப்ட். நானும் அதே ரோட்டில் சைக்கிள் ஓட்டுகிறவன்தான். ஆனால் எனக்கு லேட்டானால் யாரும் சம்பளத்தில் கை வைப்பதில்லை.

உடம்பெல்லாம் வியர்க்கும்போது விரல் மட்டும் ஏன் விறைக்கிறது? விரலுக்குள் தசை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. விரலை மடக்கி நீட்டும் பெரிய தசைகளெல்லாம் முன்கையில் இருக்கின்றன. அதனால் விரலுக்குச் சொந்தமாகச் சூடு பண்ணிக்கொள்ளத் தெரியாது. ரத்தம் கொண்டுவந்து கொடுத்தால்தான் உண்டு. குளிர் தட்டியதும் உடம்பு முதலில் குறைப்பதும் அந்த சப்ளையைத்தான். சர்வரில் லோடு ஏறினால் முக்கியமில்லாத சர்வீஸை நாங்கள் நிறுத்துவது போல.

இதில் காற்று வேறு. நிற்கிறவருக்கு இல்லாத காற்றை மிதிக்கிறவர் தானே உண்டாக்கிக்கொள்கிறார். காற்றுக் குளிருக்கென்று 2001இல் அமெரிக்காவும் கனடாவும் ஏற்றுக்கொண்ட ஒரு சூத்திரம் இருக்கிறது. ஊட்டியில் 5 டிகிரி காலையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால், அதன் கணக்குப்படி 0 டிகிரியில் நிற்பது போல. ஆனால் 10 டிகிரிக்கு மேல் அந்தச் சூத்திரம் செல்லாது. நம்ம ஊர் குளிர் அதன் கணக்கிலேயே வராது.

கணக்கில் வராத இரண்டு இங்கே உண்டு, இரும்பும் ஈரமும். பழைய சைக்கிளில் பிரேக் பிடி முழுக்க இரும்பு. ரப்பரைவிட அது பல மடங்கு வேகமாகக் கையின் சூட்டை உறிஞ்சும். கம்பெனியில் கொடுக்கும் பனியன் துணிக் கையுறை பனியில் நனைந்துவிட்டால், போடாமல் இருப்பதே மேல். தண்ணீர் காற்றைவிட 25 மடங்கு சூட்டைக் கடத்தும்.

ஒரு உதிரிபாகக் கம்பெனியில் செக்யூரிட்டியாக இருக்கும் அண்ணன் ஒருவரிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தேன். "குளிர் கெடக்குது தம்பி, அத யாரு பாத்தா? கை வெறைச்சுட்டா மெஷின் எடுக்க மாட்டேங்குது. அதான் பிரச்சனை" என்றார்.

மெஷின் என்றால் கைரேகை அட்டெண்டன்ஸ். குளிர்ந்து உலர்ந்த விரலின் ரேகைகள் கண்ணாடியில் சரியாகப் படியாது. கோடுகள் விட்டு விட்டு விழும். தரை துடைத்து, பாத்திரம் கழுவி ஏற்கனவே ரேகை தேய்ந்த பெண்களுக்கு இன்னும் மோசம். மூன்று முறை வைத்தும் எடுக்காவிட்டால் பின்னால் வரிசை முணுமுணுக்கும். பத்து நிமிடம் தாண்டினால் அரை நாள் சம்பளம் போச்சு. அதனால் எல்லோரும் விரலை நெற்றியில், மூக்கோரத்தில் தேய்த்து, எண்ணெய்ப் பசை ஏற்றி வைக்கிறார்கள். எவ்வளவு தெளிவான ரேகை போதும் என்ற வரம்பை ஏதோ ஏசி ரூமில் என்னைப் போல ஒருவர் முடிவு செய்திருப்பார். அந்த ரூமில் யாருக்கும் விரல் விறைப்பதில்லை.

அண்ணனுக்கு இப்போது மூன்று ஏற்பாடுகள். சட்டைக்குள் மார்போடு இரண்டு மடிப்பு தினத்தந்தி. டூர் டி பிரான்ஸ் வீரர்கள் மலை உச்சியிலிருந்து இறங்குமுன் இதையேதான் காலங்காலமாகச் செய்தார்கள், அவருக்கு அது தெரியாது. மார்பு சூடாக இருந்தால் உடம்பு விரலுக்கு ரத்தத்தைத் தாராளமாக விடும். மணிக்கட்டில், நுனி வெட்டிய பழைய சாக்ஸ். மூன்றாவது ஜார்க்கண்ட் பையன் ஒருவன் சொல்லிக்கொடுத்தது: ஹேண்டில் கவர். வடக்கே குளிர்காலத்தில் பைக்குகளில் சாதாரணமாகப் பார்க்கலாம். அலாஸ்காவில் பனியில் சைக்கிள் ஓட்டுகிறவர்களும் இதையே போகீஸ் என்ற பெயரில் மாட்டுகிறார்கள். சீட் கவர் கடையில் மிஞ்சிய ரெக்ஸினைத் தைத்து இரண்டு பக்கமும் கட்டிவிட்டான். உள்ளே வெறுங்கை. பிரேக், பெல் எல்லாம் உள்ளேயே. காற்றும் வராது, பனியும் படாது. என்னைக் கேட்டால், ஆயிரம் ரூபாய் கையுறையைவிட இது நல்ல டிசைன்.

ஒரு சிக்கல். கேட்டில் விறைப்பாக நிற்க வேண்டிய ஆள் இப்படி சாக்கு கட்டின வண்டியில் வரலாமா என்று சூப்பர்வைசர் கேட்டாராம். அதனால் கேட்டுக்கு நூறடி முன்னாலேயே இறங்கி, கவரைக் கழற்றி மடித்து, டிபன் பைக்குள் வைத்துவிடுகிறார்.

"மெஷின் எடுக்குதாண்ணே?"

"மொத தடவையே எடுத்துடுது. கட்டுன முடிச்ச அவுக்கறதுக்குத்தான் நேரமாவுது."