பாஸ் இருக்கு ஸார்!

முன்பெல்லாம் ஊட்டிக்குப் போக ஸ்வெட்டரும் மங்க்கி குல்லாயும் இருந்தால் போதும். இப்போது இ-பாஸும் வேண்டும்.

2024 மே 7-லிருந்து, சென்னை உயர்நீதிமன்ற உத்தரவுப்படி, ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டி பாஸ் இல்லாமல் போக முடியாது. காசு கிடையாது. எத்தனை பேர், எந்த வண்டி, எத்தனை நாள், எங்கே தங்கல் என்று சம்பந்தி வீட்டுக்காரர் மாதிரி விசாரித்துவிட்டுக் கொடுத்துவிடுவார்கள். 2025 சீஸனில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்குத் தினம் 6000 வண்டி, சனி ஞாயிறு என்றால் 8000. அவ்வளவுதான்.

நாங்கள் மூன்று பேர். ஆபீஸ் சிநேகிதர்கள். பெயர் வேண்டாம், கேஷியர், டெஸ்பாட்ச், நான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மே மாதச் சனிக்கிழமைக்கு முயற்சி செய்தோம். கோட்டா முடிந்துவிட்டது. "கவர்மென்ட் பஸ்ஸுக்குப் பாஸ் வேண்டாம்டா" என்றேன். புதுக் கார் வாங்கியிருந்த கேஷியர் என்னைப் பார்த்த பார்வையில் நான் அதற்கப்புறம் பேசவில்லை. திங்கள், செவ்வாய்க்குக் கிடைத்தது. டெஸ்பாட்சின் பாட்டி மூன்றாவது முறையாகக் காலமானார்.

மேட்டுப்பாளையம் தாண்டி கல்லாறில் நிறுத்தினார்கள். பாஸைப் பார்த்தாயிற்று. "பாஸ் இருக்கு ஸார்!" என்று கேஷியர் ஏதோ பட்டம் வாங்கியவன் மாதிரி சொன்னான். அடுத்தது பின்சீட். அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒரு டஜன்.

"இதெல்லாம் மேலே போகக் கூடாது ஸார்."

"தண்ணி குடிக்கக் கூடாதா?"

"தாராளமா குடிங்க. வழியிலே ஏ.டி.எம். இருக்கு."

"நான் தண்ணி கேட்டா பணம் எடுக்கச் சொல்றீங்களே?"

"தண்ணி ஏ.டி.எம். ஸார்!"

தமிழ்நாடு முழுக்க ஒருமுறை உபயோகிக்கும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1-லிருந்துதான் தடை. நீலகிரிக்காரர்கள் அதற்குப் பல வருஷம் முன்னாலேயே ஆரம்பித்துவிட்டார்கள். கேஷியருக்கு இதெல்லாம் தெரியாது. பர்லியார் வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே வந்தான்.

ஊட்டியைப் பற்றிப் புதிதாக எழுத ஒன்றுமில்லை. படகு, ரோஜா, வர்க்கி. ராத்திரி ரூமில் அவர்கள் இருவரும் மூன்று பாட்டில் பீர் காலி பண்ணினார்கள். (நான் குடிப்பதில்லை, அதனால்தான் எந்தப் பயணத்திலும் இறங்குகிற வழியில் ஸ்டியரிங் என் கையில்.) நீலகிரியில் 2022-லிருந்து டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்கள். காட்டில் எறிவதைத் தடுக்கக் கோர்ட் சொன்ன யோசனை. "முப்பது ரூபாய்க்கு யாருடா கடை தேடறது?" என்று கேஷியர் மூன்றையும் டிக்கியில் போட்டான்.

சீஸனில் ஏறுவதற்குக் குன்னூர் வழி, இறங்குவதற்குக் கோத்தகிரி வழி. கோத்தகிரி தாண்டிக் குஞ்சப்பனைக்கு இறங்கும்போது கேஷியருக்குத் திடீரென்று ஞானம் வந்தது. வீட்டுக்குப் போனதும் டிக்கியைத் திறக்கப் போவது அவன் அப்பா!

"ஓரமா நிறுத்துடா."

நிறுத்தினேன். அது என் தப்பு. மறுத்திருக்கலாம்.

முதல் இரண்டும் சரிவில் புதருக்குள் சத்தமில்லாமல் விழுந்தன. மூன்றாவது பாறையில் பட்டுச் சிலீர் என்றது. அதே நேரம் சாக்குப்பையோடு ஒருவர் மேலேறி வந்தார். காக்கிச் சட்டை, ரப்பர் செருப்பு. வனத்துறையில் காவலுக்கு இருப்பவர்.

கேஷியருக்கு வேறு வார்த்தை வரவில்லை. "பாஸ் இருக்கு ஸார்."

"அது வர்றதுக்கு ஸார். போடறதுக்கு இல்லே."

திட்டுவார், ஃபைன் போடுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் புதரைக் காட்டினார். "இது ஆனைத் தடம். இருட்டினா வரும். இறங்கிப் பொறுக்குங்க."

யானையின் பாதத்துக்குள்ளே மெத்தை மாதிரி கொழுப்பு இருக்கிறது. அத்தனை டன் எடை சத்தமில்லாமல் நடப்பது அதனால்தான். அந்த மெத்தையில் கண்ணாடி ஏறினால் எடுக்க ஆளில்லை. சீழ் வைக்கும். நடந்து நடந்து தின்கிற பிராணி. நடக்க முடியாவிட்டால் தீனியும் இல்லை, தண்ணீரும் இல்லை. போன வருஷம் நொண்டின ஒரு பெண் யானையைப் பற்றி அவர் சொன்னார், குனிந்து பொறுக்கிக்கொண்டே. குட்டி கூட இருந்ததாம். முடிவை அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

முழுசாகக் கிடைத்த இரண்டையும் சாக்கில் போட்டுக்கொண்டார். "கடையிலே நான் குடுத்துக்கறேன்." உடைந்ததன் சில்லுகளை என் கைக்குட்டையில் சேர்த்தோம். டெஸ்பாட்ச் முழங்காலிட்டு ஒவ்வொரு இலையாக ஒதுக்கினான். அடிப்பாகம் கிடைத்தது, வயிறு கிடைத்தது. கழுத்து கிடைக்கவில்லை. வாய் வட்டமாக, கீழே முள்முள்ளாக இருக்குமே, அதுதான் மிச்சம்.

ஆறு மணி. வெளிச்சம் மங்கியது. "நீங்க கிளம்புங்க. இதுக்கு மேலே உங்களை இங்கே விடக் கூடாது."

"அந்தக் கழுத்து?" என்றான் கேஷியர்.

"பார்க்கறேன்."

வண்டியை எடுத்தேன். கண்ணாடியில் அவருடைய டார்ச் வெளிச்சம் சரிவில் இறங்குவது தெரிந்தது. வளைவில் மறைந்தது.

மேட்டுப்பாளையத்தில் டீக்கு நிறுத்தினேன். கேஷியர் குடிக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி, உள்ளங்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.